பிரேக் இன்ஸ்பெக்டர் கட்டிய விமானம்

பஸ் திருவண்ணாமலைக்குள் நுழையும்போது எல்லோரும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எங்கள் மாமா மட்டும் குனிந்து, எதிரே வரும் வண்டியின் டயரைப் பார்ப்பார். "முன்டயர் மொட்டை. இவனுக்கு எவன் எஃப்.சி. குடுத்தான்?" என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்பார். அவர் பாவம், அப்போதுதான் கண்ணை மூடி எதையோ வேண்டிக்கொண்டிருப்பார்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். வண்டிகளைச் சோதித்து எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று தரும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர். அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் லாரிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். மரியாதை ஒரு பங்கு, மற்றதெல்லாம் ஓடுவதற்கு வசதி. லஞ்சத்துக்குக் கைநீட்டாத மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லும்போது முகத்தில் சந்தோஷம் இருக்காது. கைநீட்டுகிறவராக இருந்திருந்தால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்குமே என்ற ஏக்கம்தான் இருக்கும்.

அவருடைய ஆயுதம் ஒரு துண்டு சாக்பீஸ். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். வண்டிக்கு அடியில் பாயை விரித்து மல்லாந்து படுத்துப் போய்விடுவார். வெளியே அவருடைய கால் மட்டும் தெரியும். உள்ளேயிருந்து சர்க் சர்க்கென்று கீறும் சத்தம் வரும். கோளாறு உள்ள இடமெல்லாம் பெருக்கல் குறி. எழுந்து வந்து காக்கிப் பேண்ட்டைத் தட்டிக்கொண்டு ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "சரி பண்ணிட்டு மறுபடி காட்டு." முதல் தடவையிலேயே ஒரு வண்டியைப் பார்த்து, கண்டிஷன் நல்லாருக்கு என்று அவர் சொல்லிக் கேட்டவர்கள் இந்த மாவட்டத்தில் கிடையாது. இருந்தால் என்னிடம் அனுப்புங்கள், டீ வாங்கித் தருகிறேன்.

சொந்த மச்சான் வண்டிக்கும் அதே கதிதான். நான் சுற்றுலா வேன் ஓட்டத் தொடங்கிய புதிதில், மாமாதானே என்று தைரியமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் லூசு என்று முன்கண்ணாடியிலேயே குறியைப் போட்டார். அக்கா அன்று சாயங்காலம் சண்டைக்குப் போனாள்.

"என் தம்பிங்க அவன்! கொஞ்சம் பாத்து உட்டா இன்னா?"

"தம்பி வண்டில பிரேக் புடிக்கலன்னா, தம்பி வண்டியாச்சேன்னு மலை வெலகி நிக்குமா?"

நான் அந்த ஹேண்ட் பிரேக்கை மூன்று தடவை சரிசெய்தேன். மூன்றாம் தடவை பாஸ் செய்தபோதும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

ஓய்வு பெற்றால் இதெல்லாம் நின்றுவிடும் என்று அக்கா நம்பினாள். பிள்ளைகள் இரண்டும் பெங்களூரில். ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீடு. மாமாவுக்குச் சோதிக்க ஒன்றும் இல்லை. முதல் வாரத்திலேயே குக்கர் கைப்பிடியில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. பிறகு கிரில் கேட், மிக்ஸி மூடி, என் செருப்பு. பக்கத்து வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனவர், பந்தல் காலில் ஒரு குறி போட்டுவிட்டு மொய் எழுதாமல் வந்துவிட்டார். அந்தப் பந்தல் மறுநாள் காற்றில் விழுந்தது உண்மைதான். ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை.

விமானம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அக்காவின் முழங்காலில் இருந்து தொடங்க வேண்டும்.

அக்கா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றியவள். ஒரு வருஷம் இரண்டு முழங்காலும் வீங்கி, இனி நீண்ட தூரம் நடக்கவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அடுத்த பௌர்ணமிக்குக் கூட்டம் கூட்டமாகத் தெருவில் போகிறவர்களைப் பார்த்தபடி வாசல் படியில் உட்கார்ந்து அழுதாள். மாமா உள்ளேயும் வெளியேயும் நடந்தார். மற்ற வீட்டு ஆண்கள் என்ன செய்வார்கள்? ஓர் ஆட்டோ பிடிப்பார்கள். கூட்டம் இல்லாத நாளில் எத்தனையோ வயசானவர்கள் ஆட்டோவில்தான் சுற்றுகிறார்கள்.

"ஆட்டோவா? இந்த ஊரு ஆட்டோ ஒவ்வொண்ணுக்கும் அடியில படுத்துப் பாத்தவன் நானு. ஒண்ணுல கூட உன்னை ஏத்த மாட்டேன்" என்றார்.

"தம்பி வேன் இருக்குதுங்களே?"

மாமா என்னைப் பார்த்தார். நான் ஹேண்ட் பிரேக்கை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

"நான் உன்னை மேலேர்ந்து சுத்திக் காட்டுறேன்" என்றார்.

அக்கா கோபுரத்து மேலேயோ, மலை மேலேயோ என்று நினைத்துக்கொண்டாள். மனுஷன் ஆகாயத்தைச் சொல்கிறார் என்பது ஒரு வருஷம் கழித்து, வெளிநாட்டிலிருந்து வந்த நான்கு மரப்பெட்டிகள் லாரியில் வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. ஓய்வுப் பணம் முழுக்கப் பெட்டிக்குள் இருந்தது. பாகங்களைச் சேர்த்து வீட்டிலேயே கட்டிக்கொள்ளும், இரண்டு பேர் உட்காரும் விமானம். பெட்டியைத் திறக்க எல்லோரும் ஆவலாக நிற்க, மாமா நேராக லாரிக்கு அடியில் போய்விட்டார். டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சார், சரக்க எறக்கிக்கறீங்களா, இல்ல நான் திருப்பி எடுத்துக்னு போவட்டுமா?"

கார் ஷெட்டில் விமானம் வளரத் தொடங்கியது. அலுமினியத் தகடுகளை ஒன்றோடொன்று சேர்த்து ரிவெட் அடிப்பதுதான் வேலை. ஆணி மாதிரி சின்னதாக இருக்கும், ஆயிரக்கணக்கில் அடிக்க வேண்டும். அந்தப் பக்கம் அவர் அடிப்பார். இந்தப் பக்கம் நான் ஓர் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். சவாரி இல்லாத நாளெல்லாம் எனக்கு இதுதான் கதி. பத்து ரிவெட் அடிப்பார். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்ப்பார். ஆறில் பெருக்கல் குறி போடுவார். ஆறையும் துளையிட்டுக் கழற்றி மறுபடி அடிப்பார். அதில் நான்கில் குறி.

"மாமா, எனக்கு எல்லாம் ஒரே மாரிதான் தெரியுது."

"அதனாலதான் நீ வேன் ஓட்டுற."

ஊர் விடுமா? அவர் கையால் குறி வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து ஷெட்டை எட்டிப் பார்த்தார்கள். மில் லாரிக்காரர், பள்ளிக்கூட பஸ்காரர், ஷேர் ஆட்டோக்காரர்கள். "இன்னா சார், உங்க வண்டிக்கு எஃப்.சி. ஆயிடுச்சா?" என்று கேட்பார்கள். "இன்னும் ஆகல. வேலை பாக்கி இருக்குது" என்று மாமா உண்மையாகவே பதில் சொல்வார். அவர்கள் தெருமுனை வரைக்கும் பொறுத்துக்கொண்டு போய்ச் சிரிப்பார்கள். நான் சில நாள் கூடவே போய்ச் சிரித்திருக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது, இரும்புக் கட்டையைப் பிடித்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

மூன்றாம் வருஷத்து ஆயுத பூஜையைச் சொல்லியே ஆக வேண்டும். அப்போது ஓர் இறக்கை முழுசாக முடிந்து கூடத்தில் சுவரோரம் நின்றது. மாமா இரண்டு வாரம் பூதக்கண்ணாடியோடு அதன்மேல் குனிந்து கிடந்து குறி போட்டு முடித்திருந்தார். பூஜைக்கு முதல் நாள் அவரும் நானும் பூஜைச் சாமான் வாங்க டவுனுக்குப் போனோம். வீட்டில் அக்கா. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவாமல் விடுவார்களா? ஈரத் துணியால் இறக்கையை மூலைமுடுக்கு விடாமல் துடைத்துவிட்டாள். யாரோ கிறுக்கி வைத்த மாதிரி அசிங்கமாக இருக்கிறதே என்று சாக்பீஸ் குறிகளை அழித்து, அந்தந்த இடத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, மாமா வரும் நேரத்துக்கு இறக்கை கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

மாமா பூசணிக்காயைக் கீழே வைத்தார். இறக்கையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தார்.

"இதுல எது எது ஃபெயிலு?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"பொட்டு வச்சதெல்லாம் ஃபெயிலுதான் மாமா" என்றேன்.

"இல்லடா, அழகுக்குன்னு நடுவுலயும் வச்சேன்" என்றாள் அக்கா.

இரண்டாம் தடவை பார்த்துக் குறி போட்டால் போதாதா என்று கேட்டேன். முதல் தடவை கண்ணுக்குப் பட்டது இரண்டாம் தடவை தப்பிவிட்டால் என்ன செய்வது என்றார். பூஜையை ஒழுங்காக முடித்தார். பூசணிக்காயையும் உடைத்தார். மறுநாள் காலை துளைக்கும் கருவியை எடுத்து, அந்த இறக்கையில் இருந்த அத்தனை ரிவெட்டையும் கழற்றினார். மறுபடி அடித்து முடிக்க எட்டு மாதம். அக்காவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

இப்படி வருஷங்கள் போயின. விமானம் ஓட்டப் பழக வெளியூர் போய் மாதக்கணக்கில் தங்கி வந்தார். திரும்பி வந்து எங்களிடம் பேசியதெல்லாம் அங்கே இருந்த பயிற்சி விமானத்தின் டயர் தேய்மானத்தைப் பற்றித்தான். கடைசியாக முன்பலகையில் மீட்டர்களைப் பொருத்தினார். உயரம் காட்டும் மீட்டரைப் பொருத்திய அன்று எனக்கு அதைக் காட்டினார். ஷெட்டில் நின்ற விமானத்தில் அதன் முள் ஐந்நூற்று அறுபது அடியில் நின்றது.

"ஃபெயிலு மாமா. தரையில நிக்குது, ஐந்நூத்தறுவது காட்டுது" என்றேன். எத்தனை நாளாகக் காத்திருந்தேன்!

"முட்டாள். இது கடல் மட்டத்துலேர்ந்து கணக்கு. நம்ம ஊரே அந்த ஒசரத்துலதான் இருக்குது."

"அப்ப நாம ஏற்கெனவே பறந்துக்னுதான் இருக்கிறோமா?"

மாமா சாக்பீஸை எடுத்தார். பலகையின் ஓரத்தில் ஒரு திருகாணி கோணலாக இருந்தது, அதில் குறி போட்டார்.

எட்டாவது வருஷம் குறி போட இடம் இல்லாமல் போனது. பாக்கி இருந்தது ஓட்டுகிறவரின் உடம்புச் சான்றைப் புதுப்பிப்பது ஒன்றுதான். சென்னைக்கு என் வேனில்தான் போனோம். வேறு வழியில்லாமல் ஏறினார். டாக்டர் சின்ன வயசு. எல்லாச் சோதனையும் முடித்துக் காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"பேப்பர்ல எல்லாம் நார்மலா இருக்கு சார்."

"பேப்பர்ல சரியாத்தான் இருக்கும் டாக்டர். ஓட்டிப் பாத்தாதானே தெரியும்" என்றார் மாமா. "மாடி ஏறுறப்ப ரெண்டு தடவ கண்ணு இருட்டிடுச்சி. நெஞ்சு ஒரு அடி விட்டு அடிக்குது. எழுதிக்குங்க."

நான் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், நான் அதைக் கேக்கவே இல்லியே."

"நீங்க கேக்கல. ஆனா கேக்கணும். அடுத்து வர்ற ஆளுக்காவது கேளுங்க."

டாக்டருக்கு முகம் சிவந்தது. மேலும் சில சோதனைகள் எழுதினார். "சரி பண்ணிக்கிட்டு மறுபடி வாங்க சார்" என்றார். அந்த வயசில், அந்த நெஞ்சுக்கு, மறுபடி என்பது கிடையாது என்று அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும். மாமா எழுந்து, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. திண்டிவனம் வரை கத்திக்கொண்டே ஓட்டினேன். எட்டு வருஷம் என் கை காய்த்ததைச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன என்று கேட்டேன். சரி, வேறு ஒரு பைலட்டை வைத்தாவது அக்காவை ஏற்றி ஒரு சுற்று சுற்றட்டும் என்றேன்.

"நான் அடிச்ச ரிவெட்டு. மொத மொத மேல போறப்ப அதுல இன்னொருத்தன் உசுர வச்சி டெஸ்ட் பண்றதா?" என்றார். அதோடு சரி.

செஞ்சி தாண்டி ஒரு லாரி எங்களுக்கு முன்னால் போனது. பின்கதவு இல்லை, கயிறுதான் கட்டியிருந்தது. பின்டயர் நான்கும் மொட்டை. மாமா அதைப் பார்த்துக்கொண்டே வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அப்போதுதான் பயமாக இருந்தது. கத்தியதை நினைத்து வருத்தமாகவும் இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, அத்தனை வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்டாள்.

"நான் எப்பங்க பறக்கணும்னு கேட்டேன்? சுத்தணும்னுதானே கேட்டேன். உங்களுக்குத் திருப்தியா ஒரு வண்டி கெடைக்கிறதுக்குள்ள எனக்கு வயசே போயிடுச்சி."

மாமா எழுந்து ஷெட்டுக்குப் போனார். விமானத்தைச் சுற்றி இரண்டு சுற்று நடந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், கீழ்பென்னாத்தூர் முனுசாமி டிராக்டர் இன்னும் ஓடுதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முனுசாமி நெல்லும் மணிலாக் கடலையும் ஏற்றுகிறவன். பின்னால் டிரெய்லரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதற்காக மாமாவிடம் எத்தனை தடவை மாட்டியிருக்கிறான் என்று அவனுக்கே கணக்கு தெரியாது. டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது என்று மாமா ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுத்தவர்.

"அந்த டிரெய்லருக்கு நீங்க எஃப்.சி.யே குடுக்கலியே மாமா."

"டிரெய்லருக்கு இல்ல. ஆனா இந்த ஊர்ல நான் பாத்துத் திருப்தியான சீட்டு அது ஒண்ணுதான்" என்று விமானத்தைக் காட்டினார். "அதைத் தூக்கி டிரெய்லர் மேல வை."

கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து பேர் சேர்ந்து உடல்பகுதியை டிரெய்லரில் ஏற்றிக் கட்டினோம். வால் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. மாமா தன் கையாலேயே அதில் சிவப்புத் துணி கட்டினார். முனுசாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தான். அவன் முகத்தில் இருந்த ஆனந்தத்தை நான் மறக்க மாட்டேன்.

"சார், உங்க வண்டிக்கு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இல்ல. ஹாரன் இல்ல. நம்பர் பிளேட்டும் காணோம். அந்தச் சாக்பீஸக் கொஞ்சம் குடுங்க."

மாமா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முனுசாமி அதை விரலில் உருட்டிப் பார்த்தான். விமானத்தின் பக்கவாட்டில் வரிவரியாக ஓடிய ரிவெட்டுகளையும் பார்த்தான். பிறகு குறி எதுவும் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு டிராக்டரில் ஏறினான்.

அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தே டிரெய்லருக்குத் தூக்கி, வலப்பக்கத்து சீட்டில் இருத்தினோம். மலையை வலப்புறம் வைத்துத்தான் சுற்ற வேண்டும், அவள் பக்கமே மலை. மாமா ஏறவில்லை. டயரைப் பார்த்துக்கொண்டு கூடவே நடந்தார். நான் மறுபக்கம். வழியெல்லாம் ஜனம் நின்று பார்த்தது. ஒருவர் விமானத்துக்கே கற்பூரம் காட்டினார். ஒரு பாட்டியம்மாள், இது எந்த ஊர் சாமி வாகனம் என்று கேட்டாள். நான் வேங்கிக்கால் என்றேன். அக்கா வழியில் வரும் ஒவ்வொரு லிங்கத்துக்கும் கண்ணாடிக்குள்ளேயிருந்து கும்பிட்டாள், கும்பிடும்போதெல்லாம் அழுதாள்.

அடி அண்ணாமலை தாண்டும்போது மாமாவுக்கு மூச்சு வாங்கியது. அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏங்க, வந்து ஏறுங்க."

"டிரெய்லர்ல ஆளு ஏறக் கூடாது."

"நான் ஆளு இல்லியா? ஏறுங்கன்றேன்ல!"

முனுசாமி வண்டியை நிறுத்தினான். மாமா நாலாபுறமும் பார்த்தார், அந்தக் காலத்தில் அவரைக் கண்டதும் லாரிக்காரர்கள் பார்த்த அதே பார்வை. ஏறி, இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, அக்காவுக்கும் போட்டுவிட்டார். டிராக்டர் நகர்ந்தது. கண்ணாடிக் கதவு திறந்திருந்ததால் அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது. அக்கா முன்பலகையில் இருந்த மீட்டர்களையெல்லாம் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"இதுல எதுங்க ஒசரம் காட்டுறது?"

மாமா காட்டினார்.

"இப்ப எவ்ளோ ஒசரத்துல போறோம்?"

மாமா குனிந்தார். மீட்டர் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, நிமிர்ந்து, என்னை ஒரு முறை பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஐந்நூத்தறுவது அடி" என்றார்.

"யம்மாடி, அவ்ளோவா!" என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாத. வண்டி கண்டிஷன் நல்லாருக்கு."